தாபோ மடாலயத்துக்குப் புறப்படும் முன்: அனுமதி, பேருந்து, பணம், நாள் கணக்கு

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,280 மீட்டர் உயரத்தில், தாபோ என்ற சிற்றூர் இருக்கிறது. 996-ஆம் ஆண்டு நிறுவப்பட்டு, இன்றும் லாமாக்களின் வழிபாட்டில் இருக்கும் பௌத்த மண்கோயில்கள் அவ்வூரின் நடுவே நிற்கின்றன. மணாலிக்கும் தர்மசாலாவுக்கும் படையெடுக்கும் கூட்டம் இங்கே வருவதில்லை. வருகிற சிலரும் ஸ்பிதியின் தலைமையூரான காஜாவுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட நான் முதல் முறை தாபோவின் மண்ணை மிதிக்காமலே பாதி வழியில் திரும்பினேன். இரண்டாம் முறைதான் போய்ச் சேர்ந்தேன். முதல் முறை என்னென்ன தவறின என்பதை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கோயிலின் வரலாறு இதில் இல்லை. அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஸ்பிதி மழைமறைவுப் பகுதி என்று படித்துவிட்டு ஜூலை இறுதியில் புறப்பட்டது என் முதல் தவறு. ஸ்பிதியில் மழை குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஸ்பிதிக்குப் போகும் சாலை சிம்லாவையும் கின்னௌர் மாவட்டத்தையும் கடந்து, சட்லெஜ் ஆற்றை ஒட்டிய செங்குத்தான மலைச்சரிவுகளில் போகிறது. அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மண்சரிவால் சாலை அடைபடுவது அப்பகுதி மக்களுக்கு அன்றாடச் செய்தி. கின்னௌரின் தலைமையூரான ரிக்காங் பியோவில் (சுருக்கமாகப் பியோ) நான் இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் சாலை திறந்தது. அதே நாளில் நான் சிம்லாவுக்குத் திரும்பும் பேருந்தில் இருந்தேன், ஏனென்றால் என் கையில் மிச்ச நாள் ஒன்றுகூட இல்லை.

ஜூன் மாதத்தின் முதல் மூன்று வாரங்களும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரையிலான நாட்களும் நல்லவை. இரண்டில் நான் செப்டம்பர் இறுதியையே சொல்வேன். ஜூனில் வடநாட்டுப் பள்ளி விடுமுறை இருப்பதால் சிம்லா வரைக்கும் ரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது பெரும்பாடு. குளிர்காலத்தில் சிம்லா வழிச் சாலை பெரும்பாலும் திறந்திருக்கும் என்றாலும், குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும் அந்தக் குளிர் முதல் முறை வருபவருக்கு ஏற்றதல்ல.

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை அது 120 நாளாக இருந்தது. எனவே தேதியை முடிவு செய்துவிட்டு, முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே போகும் சீட்டை எடுத்துவிடுங்கள். திரும்பும் சீட்டைப் பற்றி நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

2. அனுமதிச் சீட்டு யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

இந்தியக் குடிமக்களுக்கு ஸ்பிதி செல்ல எந்த அனுமதிச் சீட்டும் தேவையில்லை. இதை இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள். அருணாசலப் பிரதேசத்துக்கு உள்ள விதியை ஸ்பிதிக்கும் பொருத்தி, "பெர்மிட் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதல் பயணத்தில் ஒரு முகவரிடம் 1,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய காகிதத்தை யாரும் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. சும்டோ சோதனைச் சாவடியில் பெயரைப் பதிவு செய்துகொள்ள ஓர் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதாரின் அசலும் இரண்டு நகல்களும் போதும். கைப்பேசியில் உள்ள படத்தை நம்பிப் போகாதீர்கள், அங்கே கைப்பேசிக்கு உயிர் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் நிலை வேறு. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, கனடா என எந்நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழராக இருந்தாலும், சிம்லா வழியாகப் போனால், பியோவைத் தாண்டி ஜங்கியிலிருந்து சும்டோ வரையுள்ள எல்லைப் பகுதியைக் கடக்க உள்எல்லை அனுமதி வாங்கியாக வேண்டும். இதில் பலர் சறுக்கும் இடம், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை. ஓசிஐ அட்டை இருந்தால் விசா வேண்டாமே தவிர, எல்லைப் பகுதி அனுமதி விஷயத்தில் நீங்கள் வெளிநாட்டவர்தான். என்னுடன் பேருந்தில் வந்த ஒரு தம்பதியரில் கணவரிடம் ஆதார் இருந்தது, மனைவியிடம் ஓசிஐ இருந்தது. இருவருக்கும் ஒரே விதிதான் என்று நம்பி வந்து, பியோவில் ஒரு நாளை இழந்தார்கள்.

அனுமதியைச் சிம்லாவிலோ, ரிக்காங் பியோவில் உள்ள மாவட்ட நிர்வாக அலுவலகத்திலோ வாங்கலாம். மணாலிப் பக்கமிருந்து வருபவர்கள் காஜாவில் வாங்கலாம். நிரப்பிய படிவம், கடவுச்சீட்டின் நகல், விசா அல்லது ஓசிஐ அட்டையின் நகல், புகைப்படங்கள் ஆகியவை வேண்டும். பியோவில் வழக்கமாக இருவராவது சேர்ந்த குழுவாக, உள்ளூர்ப் பயண முகவர் மூலம் விண்ணப்பிக்கச் சொல்வார்கள் என்பதால், தனியாக வருபவர்கள் ஒரு துணையைத் தேடிக்கொள்ள ஒரு நாளை ஒதுக்குவது நல்லது. அரசு அலுவலகம் ஞாயிற்றுக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலையில் பியோவில் வந்திறங்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளாதீர்கள். சீட்டு கைக்கு வந்ததும் அதில் அச்சிட்டுள்ள தேதிகளைச் சரிபார்த்து, நான்கு நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவடிகளில் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

3. சிம்லா வழியா, மணாலி வழியா

வரைபடத்தைப் பார்த்தால் மணாலி வழி குறுகியதாகத் தெரியும். அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறந்த பிறகு ரோதாங் கணவாயில் ஏறவும் தேவையில்லை. ஆனாலும் முதல் முறை போகிறவர்கள் அந்த வழியில் ஏறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள மணாலியிலிருந்து ஒரே நாளில் 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைக் கடந்து காஜாவில் இறங்க வேண்டும். சமவெளியிலிருந்து வந்த உடம்புக்கு அது தாங்காது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கி, நெஞ்சில் நீர் கோத்துக்கொள்வது வரை போகக்கூடிய விஷயம் இது. குன்சும் கணவாய் குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பது இன்னொரு சிக்கல்.

சிம்லா வழி நீளமானது. ஆனால் உடம்பைப் பழக்கிக்கொண்டே ஏறுகிறது. சிம்லா ஏறத்தாழ 2,200 மீட்டர், பியோ ஏறத்தாழ 2,300 மீட்டர். பியோவில் இரண்டு இரவு தங்கிவிட்டுப் புறப்பட்டால், நடுவில் நாகோவில் 3,600 மீட்டரைத் தாண்டி, மறுபடி இறங்கி, தாபோவுக்கு வந்து தூங்குவீர்கள். மலை ஏறுகிறவர்கள் உயரத்தில் நடமாடிவிட்டுத் தாழ்வில் தூங்கு என்பார்கள். இந்தச் சாலை அதைத் தானாகவே செய்து கொடுக்கிறது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்கள் மணாலி வழியாக வந்து, தாபோவைப் பார்த்துவிட்டு, சும்டோவைக் கடக்காமல் அதே வழியில் திரும்பினால் அனுமதிச் சீட்டு இல்லாமலே சமாளிக்கலாம். அந்தச் சலுகைக்காக உடம்பைப் பணயம் வைக்க வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அப்படித்தான் போவதென்றால் மணாலியிலும் காஜாவிலும் கூடுதலாக இரண்டு இரவுகளையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. நாள் கணக்கு

இந்தப் பயணத்தில் பணத்தைவிட நாட்கள்தான் அதிகம் செலவாகின்றன. சாலை அடைப்புக்கான உபரி நாட்களைச் சேர்க்காமலே, டெல்லியிலிருந்து டெல்லிக்கு என்று கணக்கிட்டால் குறைந்தது பத்து நாட்கள் வேண்டும். சென்னையிலிருந்து ரயிலில் போய் ரயிலில் திரும்புவதானால் இரண்டு வாரம்.

டெல்லி காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து இரவுப் பேருந்தில் சிம்லா செல்லலாம். ரயில்தான் வேண்டுமென்றால் கல்கா வரை வந்து, அங்கிருந்து 96 கிலோமீட்டர் மலை ரயிலில் ஏறிச் சுமார் ஐந்து மணி நேரத்தில் சிம்லாவை அடையலாம். அன்று சிம்லாவில் ஓய்வு. மறுநாள் பியோ, ஏறத்தாழ ஒரு முழுப் பகலைப் பேருந்து தின்றுவிடும். பியோவில் ஒரு நாள் சும்மா இருங்கள். சும்மா இருக்க முடியாதவர்கள் மேலேயுள்ள கல்பாவுக்கு நடந்துவிட்டு வரலாம், உடம்புக்கும் அது பயிற்சி. அதற்கடுத்த நாள் தாபோ. தாபோவில் மூன்று இரவுகள். பிறகு வந்த வழியே திரும்புதல். இத்துடன் சாலை அடைப்புக்காக இரண்டு நாட்களைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும்; நாகோவுக்கு அருகில் மாலிங் என்ற இடத்தில் மலை சரிந்துகொண்டே இருப்பதால், வானம் வெளுத்திருக்கும் நாளிலும் வண்டிகள் நிற்கக்கூடும்.

திரும்பும் சீட்டு விஷயத்தில் நான் கையாண்ட வழி இது. டெல்லியிலிருந்து சென்னைக்கு, அந்த இரண்டு உபரி நாட்களையும் கணக்கில் சேர்த்த பிறகு வரும் தேதிக்கே சீட்டு எடுத்தேன். சாலை ஒழுங்காக இருந்தால் அந்த இரண்டு நாட்களும் தாபோவில் கிடைத்த கூடுதல் நாட்களாகிவிடுகின்றன. அதில் யாருக்கும் நட்டமில்லை.

5. பியோ பேருந்து நிலையத்தில்

பியோவிலிருந்து காஜாவுக்கு இமாசல அரசுப் பேருந்து அதிகாலையில் புறப்படுகிறது. தாபோ, காஜாவுக்கு 47 கிலோமீட்டர் முன்பாகவே வந்துவிடும். புறப்படும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், முந்தின நாள் மாலையே நிலையத்துக்கு நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்; விடுதிக்காரர் சொல்லும் நேரத்தை நம்ப வேண்டாம். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சீட்டு வாங்கும் ஜன்னல் முன் நிற்க வேண்டும். நான் போன அன்று இருட்டோடு இருட்டாகப் பதினைந்து பேர் எனக்கு முன்னால் நின்றிருந்தார்கள், அவர்களில் பாதிப் பேர் சாலை வேலைக்குப் போகிறவர்கள். கடைசி வரிசையில் இடம் கிடைத்தால் முதுகு போய்விடும். கிடைத்த சீட்டு கடைசி வரிசை என்றால் அடுத்த நாள் போவதைப் பற்றி யோசிக்கலாம் என்றுகூடச் சொல்வேன்.

பேருந்துக் கட்டணம் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். தனி வாடகை வண்டி பல ஆயிரங்கள் கேட்கும், நான்கு பேர் சேர்ந்தால் மட்டுமே கட்டுப்படியாகும். சொந்த வண்டியில் வருபவர்கள் பியோவுக்குக் கீழே பவாரியில் எரிபொருளை முழுக்க நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு காஜா பங்க்கைத்தான் நம்ப முடியும்.

சும்டோவில் எல்லோரும் இறங்கிப் பெயரைப் பதிய வேண்டியிருக்கும். அடையாள அட்டையைப் பேருந்தின் மேலே கட்டிய பையில் போட்டுவிட்டு வந்தவர் ஒருவரால் எங்கள் வண்டி இருபது நிமிடம் நின்றது. அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். "தாபோவில் இறங்க வேண்டும்" என்று நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லிவையுங்கள்.

6. பணம், கைப்பேசி, மருந்து

ரொக்கத்தைப் பியோவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். காஜாவில் ஏடிஎம் உண்டு, ஆனால் அதில் பணம் இருக்கிறதா, இணைப்பு இருக்கிறதா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். யுபிஐ கைப்பேசிச் சமிக்ஞையை நம்பியது. சமிக்ஞையோ மின்சாரத்தை நம்பியது. தங்கும் நாட்களின் அறை வாடகை, உணவு, திரும்பும் பேருந்து ஆகியவற்றைக் கூட்டி, அதன் மேல் பாதியையும் சேர்த்து, நூறு ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை கிடைக்காமல் ஒரு தேநீர்க் கடையில் நான் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மருந்து விஷயத்தில், உயரக் கோளாறுக்கான அசிட்டசோலமைடு மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே ஊரில் மருத்துவரைக் கேட்டு வாங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தாமாகச் சாப்பிடக் கூடாது. மாத்திரை போட்டாலும் தலைவலி கூடிக்கொண்டே போனால் அதற்குமேல் ஏறாமல் கீழே இறங்குவதுதான் வைத்தியம். பகலில் வெயில் தோலை உரிக்கும், இரவில் செப்டம்பரிலேயே கம்பளி இரண்டு வேண்டும். ஒரே பெரிய குளிர்ச்சட்டையைவிட மூன்று மெல்லிய உடைகளை அடுக்கிப் போட்டுக்கொள்வது உதவும்.

7. தங்குமிடம்

மடாலயத்துக்கே சொந்தமான விருந்தினர் விடுதி கோயிலை ஒட்டி இருக்கிறது. ஊருக்குள் வீட்டு விடுதிகளும் உண்டு. கூட்டமில்லாத மாதங்களில் முன்பதிவு இல்லாமல் போய் இறங்கினாலும் இடம் கிடைக்கும். எந்த விடுதியானாலும் சூரிய ஒளி படும் பக்கத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள். வெந்நீர் வாளி எப்போது கிடைக்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் அதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் சி-யைப் பதிவு செய்தாக வேண்டும், எனவே அவர்கள் கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

8. கோயிலுக்குள்

நுழைவுக் கட்டணம் இல்லை. உண்டியலில் விரும்பியதைப் போடலாம். பழைய கோயில் வளாகம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, பூசையும் பராமரிப்பும் லாமாக்களிடம் இருக்கின்றன. இங்கே பெரும்பாலோர் ஏமாறுவது பூட்டிய கதவில்தான். கதவு பூட்டியிருந்தால் கோயில் மூடிவிட்டது என்று பொருளல்ல. சாவி வைத்திருக்கும் லாமா சாப்பிடப் போயிருப்பார், அல்லது புதிய கோயிலில் இருப்பார். அங்கே போய், "ஜூலே" என்று வணக்கம் சொல்லி, "லாமாஜி, பழைய கோயிலைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டால் வந்து திறந்துவிடுவார். அரை மணி நேரத்தில் கிளம்ப வேண்டியவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் மண் பூசிய குட்டிச் சுவர்கள் போலத்தான் தெரியும். ஜன்னல்கள் கிடையாது. தலையைக் குனிந்து நுழைந்தவுடன் ஒன்றுமே தெரியாது. கூரையின் ஒரு சிறு திறப்பிலிருந்து மட்டும் வெளிச்சம் விழும். அவசரப்பட்டுச் சுற்றத் தொடங்காமல் பத்து நிமிடம் அப்படியே நின்றால், சுவர்களில் ஆள் உயரத்துக்கு மேலே பதித்த 30-க்கும் மேற்பட்ட சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்: முதலில் ஒரு முழங்கால், பிறகு ஒரு கை, கடைசியாக முகம். நடுவில் நான்கு திசையையும் பார்த்தபடி, புத்தரின் ஒரு வடிவமான வைரோசனர் அமர்ந்திருப்பார். கருவறைக்குப் பின்னால் நம் ஊர்க் கோயில் திருச்சுற்றைப் போலவே ஒரு சுற்றுவழி உண்டு. வலமாகத்தான் சுற்ற வேண்டும். அதன் சுவரோவியங்களைப் பார்க்கச் சிறிய கைவிளக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். நான் விளக்கை நேராக ஓவியத்தின் மேல் அடித்தபோது, உடனிருந்த முதிய லாமா ஒன்றும் சொல்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்து விளக்கைத் தரையை நோக்கித் திருப்பினார். தரையில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் ஓவியம் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது. காலணியோடு பெரிய பையையும் வெளியிலேயே விட்டுவிடுங்கள், ஏனென்றால் குறுகலான சுற்றுவழியில் பை உரசினால் சுவரின் வண்ணம் மண்ணோடு சேர்ந்து உதிரும். சுவரைத் தொட்டுக் கும்பிடும் நம் பழக்கத்தையும் இங்கே அடக்கிக்கொள்ள வேண்டும்.

காலை வழிபாடு புதிய கோயிலில் விடியும் நேரத்தில் நடக்கிறது. யாரும் வரலாம், பின்சுவரை ஒட்டி உட்கார வேண்டும், கால்களைப் புத்தர் திருவுருவத்தை நோக்கி நீட்டக் கூடாது, நடுவில் எழுந்து போகக் கூடாது. சரியான நேரத்தை முந்தின நாள் மாலை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். வெண்ணெய்த் தேநீர் கொடுத்தால் குவளையைக் காலி செய்யச் செய்ய நிரப்பிக்கொண்டே இருப்பார்கள்; போதுமென்றால் குவளையைக் கையால் மூடினால் புரிந்துகொள்வார்கள். சாலைக்கு மேலே மலைச்சரிவில் துறவிகள் தங்கிய குகைகள் இருக்கின்றன. ஏற்றம் கொஞ்சம்தான் என்றாலும் முதல் நாளே ஏறாதீர்கள், மூச்சு வாங்கும்.

9. திரும்பும் நாள்

பியோவுக்குத் திரும்பும் பேருந்து காலையில் காஜாவிலிருந்து நிரம்பி வருகிறது. தாபோவில் ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. முடிந்தால் முந்தின நாளே காஜாவுக்குப் போய்த் தங்கி, அங்கிருந்து சீட்டு எடுத்து வருவது நல்லது. நான் அப்படிச் செய்யவில்லை. சாலையோரத்தில் ஒன்றரை மணி நேரம் நின்று ஏறி, ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நாகோ வரைக்கும் வந்த பிறகே இருக்கை கிடைத்தது. பியோவில் இறங்கியதும் அறை தேடுவதற்கு முன்பே சிம்லா பேருந்துக்கான சீட்டை ஜன்னலில் வாங்கிவிடுங்கள். பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி நிலையத்துக்கு ஏறிவரும் வேலை மிச்சமாகும்.